ஒளி பட்டதும் குணம் மாறும் பொருள்கள்: எது உண்மை, எது கதை?

"ஆளையே மறைக்கும் துணி", "நிலத்துக்குள் கிடக்கும் வெடியைக் காட்டும் கண்ணாடி", "ராடாருக்குத் தெரியாத விமானம்". இப்படித் தலைப்பிட்ட காணொளிகள் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து போகின்றன. பின்னணியில் ஒரு கனத்த குரல், இரண்டு மூன்று கணினி வரைபடங்கள், அவ்வளவுதான். பார்த்தவர்களில் பாதிப்பேர் நம்பிவிடுகிறார்கள், மீதிப்பேர் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

எங்களால் சிரித்துக் கடந்துபோக முடியாது என்று நான் நினைக்கிறேன். வானத்தில் 'வண்டு' இரைந்தால் அடுத்து என்ன வரும் என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. மிதிவெடி அகற்றி முடியாததால் சொந்தக் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இவர்களிடம் "புதிய கருவி வந்துவிட்டது" என்று சொல்வது ஒரு பயத்தையோ ஒரு நம்பிக்கையையோ கொடுப்பதாகும். இரண்டையும் பொய்யாகக் கொடுக்கக் கூடாது.

நான் படித்தது ஊடகக் கற்கைகள், பௌதிகவியல் அல்ல. ஆனாலும் அந்தக் காணொளிகளுக்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்ட கிளை, வெளிச்சத்தைப் பாய்ச்சி ஒரு பொருளின் மின்காந்தக் குணத்தை மாற்றுவது. அது எப்படி வேலை செய்கிறது, இதுவரை எங்கே வந்து நிற்கிறது, எங்கள் வாழ்க்கையோடு அதற்கு என்ன தொடர்பு என்பதை ஒரே இடத்தில் தொகுத்து வைக்கவே இதை எழுதுகிறேன்.

மீப்பொருள் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் மெட்டாமெட்டீரியல் என்று சொல்வதை இந்தக் கட்டுரையில் மீப்பொருள் என்று எழுதுகிறேன். சாதாரணப் பொருள் ஒன்றின் குணம் அது எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. கண்ணாடி ஒளியை விடுகிறது, செம்பு மின்னைக் கடத்துகிறது. மீப்பொருளின் குணமோ பெரும்பாலும் அதன் வடிவத்தில் இருக்கிறது. அதே செம்பைச் சின்னச் சின்ன வளையங்களாக வெட்டி, வரிசையாக அடுக்கி வைத்தால், அந்த அடுக்கு செம்புத் தகடு செய்யாத காரியங்களைச் செய்யும்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த வளையங்கள் வந்து மோதும் அலையின் நீளத்தைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அலைக்கு அவை தனித்தனி வளையங்களாகத் தெரியாமல் ஒரே பொருளாகத் தெரியும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் பனையோலைப் பாயின் ஒவ்வொரு இழையும் தெரியாது, பாய்தான் தெரியும். அதுபோலத்தான் இதுவும்.

10 கிகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள நுண்ணலையின் அலைநீளம் 3 சென்ரிமீற்றர். அதற்குச் சில மில்லிமீற்றர் வளையங்கள் போதும். 1 டெராஹேர்ட்ஸ் அலைக்கு நீளம் 0.3 மில்லிமீற்றர்தான், அதற்குத் தலைமயிரின் தடிப்பளவுக்கு நுண்ணிய வளையங்கள் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இந்த அளவுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காணொளிகள் சொல்லும் பொய்களில் பாதி இந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

வரலாறு சுருக்கமாக

வடிவத்தால் குணத்தை உண்டாக்கும் யோசனை எங்கள் பக்கத்திலேயே பழையது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1898இல் முறுக்கிய சணல் நார்களுக்கூடாகக் குறுகிய மின்னலைகளை அனுப்பி, அந்த முறுக்கு அலையின் அதிரும் தளத்தைத் திருப்புவதைக் காட்டினார். சணல் வெறும் சணல்தான். அலையைத் திருப்பியது அதன் முறுக்கு.

1967இல் சோவியத் பௌதிகவியலாளர் விக்டர் வெசலாகோ, ஒளி வழமைக்கு எதிர்ப்புறமாக முறியும் ஒரு பொருள் இருந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டு எழுதினார். பாடசாலையில் முறிவுச் சுட்டி என்று படித்திருப்போம். அது மறைப் பெறுமானமாக இருக்கும் பொருள் பற்றிய கணக்கு அது. இயற்கையில் அப்படி ஒரு பொருள் கைக்கு அகப்படாததால் அந்தக் கட்டுரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1999இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜோன் பெண்ட்ரியும் அவருடன் இணைந்தவர்களும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கம் வெட்டு விழுந்த உலோக வளையங்கள், அதாவது பிளவு வளையங்கள், காந்தக் குணமே இல்லாத செம்பால் செய்யப்பட்டிருந்தாலும் குறிப்பிட்ட மீடிறனில் காந்தம்போல நடந்துகொள்ளும் என்றார்கள். 2000இலும் 2001இலும் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் டேவிட் ஸ்மித் குழுவினர் அத்தகைய வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கி, நுண்ணலை எதிர்ப்புறமாக முறிவதைப் பரிசோதனையில் காட்டினார்கள்.

வானொலிக் குமிழும் பிளவு வளையமும்

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தலைமுறைக்கு ஒரு வசதி உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோ மின்னில் வானொலி பாடும். அல்லது செய்தி சொல்லும், அதற்காகத்தான் முக்கியமாக மிதிப்போம். நான் சிறுவனாக மிதித்திருக்கிறேன். குமிழைத் திருப்புவது எப்போதும் பெரியவர்கள்தான்.

அந்தக் குமிழ் என்ன செய்தது? வானொலிக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கொள்ளளவியும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட மீடிறனுக்கு மட்டும் பலமாக அதிரும். இதற்குப் பரிவு என்று பெயர். குமிழைத் திருப்பும்போது கொள்ளளவியின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அல்லது விலகும். கொள்ளளவம் குறைந்தால் பரிவு மீடிறன் கூடும். கொள்ளளவம் நாலில் ஒன்றானால் மீடிறன் இரண்டு மடங்காகும். இலங்கை வானொலியில் இருந்து பிபிசி தமிழோசைக்குப் போவது இந்தக் கணக்கால்தான்.

பிளவு வளையம் அதே சுற்றின் மிகச் சிறிய வடிவம். வளையம்தான் சுருள். வெட்டு விழுந்த இடைவெளிதான் கொள்ளளவி. எனவே ஒரு மீப்பொருள் என்பது, ஒரே நிலையத்துக்குத் திருப்பி வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டி வானொலிகளை அடுக்கி வைத்ததுபோல. பரிவு மீடிறனுக்குக் கீழே ஒரு மாதிரி நடக்கும், மேலே வேறு மாதிரி நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், செய்து முடித்த வளையத்துக்குக் குமிழ் இல்லை. ஒரு மீடிறனுக்கு வெட்டியது அந்த மீடிறனுக்கு மட்டும்தான். ஆயிரம் வளையத்துக்கும் ஆயிரம் கம்பி இழுத்து மின்னால் மாற்றலாம், ஆனால் அந்தக் கம்பிகளே அலையைக் குழப்பிவிடும். கம்பி இல்லாமல், தொடாமல், ஒவ்வொரு வளையத்தின் குமிழையும் திருப்ப என்ன இருக்கிறது? வெளிச்சம் இருக்கிறது.

வழி ஒன்று: ஒளியால் கடத்தியாகும் தளம்

ஒளி பட்டால் சில பொருள்களின் மின்தடை குறையும் என்பது 1873இலேயே தெரியும். கடலடித் தந்திக் கேபிள்களைச் சோதிக்க செலனியம் கோல்களைப் பயன்படுத்திய பிரித்தானியப் பொறியியலாளர் வில்லோபி ஸ்மித், வெளிச்சத்துக்கு ஏற்ப அவற்றின் தடை மாறுவதைக் கவனித்து அறிவித்தார். குறைகடத்திகளில் ஒளி இலத்திரன்களை விடுவிக்கிறது. விடுபட்ட இலத்திரன்கள் மின்னைக் கடத்துகின்றன. வெளிச்சம் நின்றதும் அவை பழைய இடத்துக்குத் திரும்புகின்றன.

2006இல் அமெரிக்காவின் லோஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லி படில்லா, ரிச்சர்ட் அவெரிட் முதலியோர் இதைப் பயன்படுத்தினார்கள். செப்புப் பிளவு வளையங்களைக் காலியம் ஆர்சனைட்டு என்ற குறைகடத்தித் தளத்தின் மேல் பதித்து, அதன்மேல் மிகக் குறுகிய லேசர்த் துடிப்பைப் பாய்ச்சினார்கள். வளையத்தின் இடைவெளிக்குக் கீழே இருந்த தளம் கடத்தியாக மாறியது. இடைவெளி மூடப்பட்டதுபோல் ஆனதும் வளையத்தின் டெராஹேர்ட்ஸ் பரிவு அணைந்துபோனது. அலையை மறித்த தகடு, லேசர் பட்டதும் அதை விட்டது.

இது அணைக்கும் ஆளி. குமிழ் 2008இல் வந்தது. அதே ஆய்வுகூடத்தில் ஹூ-டொங் சென் குழுவினர் சிலிக்கன் துண்டுகளை வளையத்தின் கொள்ளளவிப் பகுதியிலேயே வைத்து வடிவமைத்தார்கள். ஒளி பட்டதும் சிலிக்கனும் உலோகம்போல நடந்து, கொள்ளளவித் தகடு பெரிதானதுபோல் ஆனது. பரிவு மீடிறன் 1.06 டெராஹேர்ட்ஸில் இருந்து 0.85 டெராஹேர்ட்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 20 வீதம், இறங்கியது. ஒளியால் ஒரு மீப்பொருளை வேறு 'நிலையத்துக்கு' மாற்றியாகிவிட்டது.

வழி இரண்டு: சூரியத் தகடுபோல

மீள்குடியேறிய ஊர்களில் சூரிய ஒளி வீதிவிளக்குகள் பார்த்திருப்பீர்கள். பொழுது பட்டதும் தாமாகவே எரியும். அவற்றுள் பலவற்றில் இருட்டை அறியத் தனிக் கருவி கிடையாது. தகட்டில் இருந்து வரும் மின்னழுத்தம் விழுந்ததும் விளக்கு எரியும். அதாவது சூரியத் தகடு மின் தருவதோடு, வெளிச்சம் எவ்வளவு என்ற தகவலையும் தருகிறது.

2012இல் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் இல்யா ஷாட்ரிவோவ், யூரி கிவ்ஷார் முதலியோர் 'ஒளியால் கட்டுப்படுத்தப்படும் மீப்பொருள்கள்' என்று வெளியிட்ட ஆய்வின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு பிளவு வளையத்திலும் வரக்டர் என்ற ஒரு வகை இருவாயியைப் பொருத்தினார்கள். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் மாறினால் அதன் கொள்ளளவம் மாறும். அந்த மின்னழுத்தத்தை ஒளி இருவாயிகள் கொடுத்தன. அவை குட்டிச் சூரியத் தகடுகள்போல வேலை செய்தன. வெளியில் இருந்து வளையங்களுக்குக் கம்பி இழுக்க வேண்டியதில்லை.

எல்இடி வெளிச்சம் கூடினால் மின்னழுத்தம் கூடும், கொள்ளளவம் குறையும், பரிவு மீடிறன் ஏறும். எல்லா வளையங்களுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கொடுத்தால் முழுத் தகடும் ஒரே மாதிரி மாறும். நடுவில் கூடவும் ஓரத்தில் குறையவுமாக வெளிச்சத்தைக் கோலம்போட்டுப் பாய்ச்சினால், தட்டையான அந்தத் தகடே வளைந்த ஆடிபோல நுண்ணலையைக் குவிக்கும். கோலத்தை மாற்றினால் தெறிக்கும் கதிர் வேறு பக்கம் திரும்பும். தகட்டை யாரும் தொடவில்லை, திருப்பவில்லை, வளைக்கவில்லை. வெளிச்சத்தின் பாங்கு மட்டும் மாறியது. இத்துறையில் நான் வாசித்தவற்றில் மிகத் தெளிவான யோசனை இது.

வழி மூன்று: மறக்காத பொருள்

மேலே சொன்ன இரண்டிலும் வெளிச்சம் நின்றால் மாற்றமும் நிற்கும். மாற்றத்தைப் பிடித்து வைக்கும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஜேர்மானியம், அண்டிமனி, தெலூரியம் சேர்ந்த ஒரு கலவையை நீங்கள் அறியாமலே கையாண்டிருக்கலாம். திரும்பத் திரும்ப எழுதி அழிக்கும் டிவிடிகளில் இந்த வகைப் பொருள் இருக்கிறது. லேசர்ச் சூட்டால் அதன் அணு ஒழுங்கு பளிங்காகவோ குலைந்ததாகவோ மாறும். மாறிய நிலை மின் இல்லாமலே நிற்கும்.

பிரித்தானியாவின் சவுதாம்டன் பல்கலைக்கழகத்தில் நிகொலாய் ஷெலுடெவ் குழுவினர் 2013இல் இந்தக் கலவையின் மென்படலத்தை மீப்பொருளோடு சேர்த்து, லேசர்த் துடிப்பால் இரு நிலைகளுக்கும் மாற்றிக் காட்டினார்கள். 2016இல் படலத்தின் மேலேயே லேசரால் ஒளியியல் உறுப்புகளை எழுதி, அழித்து, மீண்டும் வேறொன்றை எழுதினார்கள். சிலேற்றில் எழுதி அழிப்பதுபோல, ஒரே துண்டில் இன்று ஒரு வில்லை, நாளை வேறொன்று.

மறைக்கும் போர்வை இருக்கிறதா?

2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு செப்பு உருளையைச் சுற்றி மீப்பொருள் வளையங்களை வைத்து, நுண்ணலைகள் அதைச் சுற்றிப் போகும்படி செய்தார்கள். உலகமெங்கும் 'மாயப் போர்வை' என்று தலைப்புச் செய்தி ஆனது இதுதான். ஆனால் அது வேலை செய்தது ஏறத்தாழ ஒரே ஒரு நுண்ணலை மீடிறனில். மறைத்ததும் கையடக்கமான உருளையை மட்டும், அதுவும் ஒரு தளத்துக்குள், பூரணமில்லாமல். கண்ணுக்கு அந்தக் கருவி முழுதாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

2020இல் சீனாவின் நான்ஜிங்கில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் டை ஜுன் சுய் குழுவினர் ஒளிக் கட்டளையால் இயங்கும் ஒரு நுண்ணலைத் தகட்டைச் செய்து, வெளிச்சப் பாங்கை மாற்றி, மறைப்பது, வேறொன்றுபோலக் காட்டுவது ஆகிய விளைவுகளைக் காட்டினார்கள். அதுவும் ஆய்வுகூடத்தில், நுண்ணலையில்.

ராடாருக்கும் நுண்ணலைக்கும் உள்ள உறவால் இராணுவங்கள் இதைக் கவனிக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. இத்துறையின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்பா நிறுவனம் நிதி கொடுத்தது. 2006 பரிசோதனை நடந்த லோஸ் அலமோஸ், அணுகுண்டு வடிவமைக்கப்பட்ட அதே ஆய்வுகூடம். இதை மறைத்து 'விஞ்ஞானம் நடுநிலையானது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதேநேரம் நாளை காலையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கள் தலைக்கு மேல் பறக்கும் என்று பயப்படவும் இதில் ஆதாரமில்லை. எங்களைப் பார்த்த 'வண்டுக்கு' மாயப் போர்வை தேவைப்படவில்லை. உயரமும் ஒரு நல்ல கமராவும் போதுமாக இருந்தன.

மிதிவெடியைக் காட்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. நேரடியான பதில்: இன்று இல்லை.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. மிதிவெடிகளை முழுதாக அகற்ற அதற்குள்ள காலக்கெடு 2028 ஜூன் 1. வடக்கில் வேலை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளால்தான் நடக்கிறது. உலோகம் காணும் கருவி, மண்ணைப் பக்குவமாக விறாண்டும் விறாண்டி, முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக முன்னேறும் ஆள்கள். அவர்களில் பலர் பெண்கள், போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்களும் உண்டு.

பிளாஸ்ரிக் உடலும் மிகக் குறைந்த உலோகமும் கொண்ட மிதிவெடியைக் காண்பது கடினம். நிலத்தை ஊடுருவும் ராடாரையும் உலோகம் காணும் கருவியையும் ஒன்றாக்கிய கையடக்கக் கருவிகள் கம்போடியா போன்ற நாடுகளில் பயன்பட்டிருக்கின்றன. இங்கே நுண்ணலைக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் ஈர மண் நுண்ணலையை உறிஞ்சிவிடும். டெராஹேர்ட்ஸ் அலை ஈர மண்ணுக்குள் போகவே போகாது. ஆகவே லோஸ் அலமோஸ் வகைக் கருவி மிதிவெடிக்கு உதவாது. கன்பராவில் செய்த வகைத் தகடு, ராடார்க் கதிரைக் குவிக்கவும் திருப்பவும் எதிர்காலத்தில் அன்ரனாக்களில் உதவக்கூடும். அதற்கும் நடுப்பகல் வெயில் ஒளி இருவாயிகளைக் குழப்பாமல் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு எங்கள் காணிகளை மீட்டுத் தருவது விறாண்டியும் அதைப் பிடிக்கும் கையும்தான். அந்த வேலைக்கான நிதி குறையும்போது "புதிய தொழில்நுட்பம் வருகிறது" என்ற பேச்சு எவருக்கும் சாக்காகிவிடக் கூடாது.

வேறு எதற்கு உதவும்?

தொலைத்தொடர்புதான் கிட்டத்தில் உள்ள பயன். மின்னால் மாற்றக்கூடிய மீப்பொருள் யோசனையில் செய்த தட்டை அன்ரனாக்கள், செய்மதியை நோக்கித் தாம் திரும்பாமலே கதிரை மட்டும் திருப்புபவை, ஏற்கனவே சந்தையில் இருக்கின்றன. சுவரில் ஒட்டிய தகடு அலையைத் தேவையான பக்கம் தெறிக்கச் செய்யும் ஆய்வுகள் அடுத்த தலைமுறைக் கைபேசி வலையமைப்புக்காக நடக்கின்றன. கம்பிச் சிக்கலைக் குறைக்கக் கூடிய வழிகளில் ஒன்றாக அங்கே ஒளிக் கட்டுப்பாடு பார்க்கப்படுகிறது. மருத்துவத்தில் எம்ஆர்ஐ படத்தைத் தெளிவாக்க மீப்பொருளைப் பயன்படுத்தும் முயற்சி 2001இலேயே லண்டனில் தொடங்கியது.

அடுத்த காணொளி வரும்போது

நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, எந்த அலைக்கு? நுண்ணலையில் வேலை செய்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது.

இரண்டாவது, எவ்வளவு பெரிது? தீப்பெட்டியளவு தகட்டில் காட்டியதை ஒரு வாகனத்தின் அளவுக்குச் செய்வது வேறு வேலை.

மூன்றாவது, எத்தனை மீடிறனில்? பரிவை நம்பி இயங்கும் பொருள் பெரும்பாலும் ஒரு குறுகிய மீடிறன் வீச்சுக்குள்தான் வேலை செய்யும். ஒளியால் 20 வீதம் நகர்த்தினாலும் அது நகர்ந்த குறுகிய வீச்சுத்தான்.

நான்காவது, எங்கே நடந்தது, யார் காசு கொடுத்தார்கள்? ஆய்வுகூட மேசைக்கும் முல்லைத்தீவுக் காணிக்கும் இடையில் பல ஆண்டுகள் இருக்கின்றன. காசு கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து அந்த ஆண்டுகள் ஆயுதத்தின் பக்கமும் போகலாம், ஆஸ்பத்திரியின் பக்கமும் போகலாம்.

இந்தக் கேள்விகளைக் கேட்கப் பௌதிகவியல் பட்டம் தேவையில்லை. ஆனால் பதிலைச் சரிபார்க்க எங்களுக்குள் பௌதிகவியல் தெரிந்தவர்கள் வேண்டும். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியர் இல்லாமல் வேறு பாடம் எடுக்கும் பிள்ளைகள் எங்கள் பின்தங்கிய பிரதேசங்களில் இருக்கிறார்கள். எந்தக் கருவி வருகிறது, அது யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்டுப் பதிலையும் அளந்து பார்க்கக்கூடிய ஒரு தலைமுறை எங்களுக்கு வேண்டுமென்றால், அந்த வகுப்பறைகளுக்கு முதலில் ஆசிரியர் வர வேண்டும்.